இரண்டு விரல் குறைவு

மே மாதம் தொழிற்சாலை தரும் லாபப் பங்கு
எங்கள் கையில் நான்கு நாள்தான் தங்கும்.
முதல் நாள் குளிர்பெட்டியின் கடைசித் தவணைக்கு,
அடுத்த நாள் நபோரின் அண்ணனிடம் வாங்கிய கடனுக்கு,
பிறகு எரெந்திராவின் சொத்தைப் பல்லுக்கு.
மிச்சம் இந்த ஞாயிறு.

மான்டெரேயின் பாதி ஜனம்
எங்களுக்கு முன்பே வந்து வரிசையில் நிற்கிறது.
மீதிப் பாதி பின்னால்,
என் குதிகாலைத் தள்ளுவண்டியால் இடித்தபடி.

வெளி உணவு கூடாதாம்.
பீன்ஸ் தடவிச் சுருட்டிய பன்னிரண்டு தோர்த்தியாக்களை
மதிலோரம் நின்று நால்வரும் தின்று தீர்த்தோம்,
காலை ஒன்பதே காலுக்கு,
யாரோ விசில் ஊதிவிட்டதைப் போல.
அன்றைய முதல் விளையாட்டு அதுதான்,
கட்டணமில்லை.

ரோலர் கோஸ்டர் வாசலில்
பலகையில் வெட்டிய கள்ளிச்செடி ஒன்று
ஒற்றைக் கையை நீட்டியபடி நிற்கிறது.
உச்சந்தலை அந்தக் கையை இடித்தால் ஏறலாம்.
இடிக்காவிட்டால் நீ இன்னும் குழந்தை.

அதுவரை போக ஒன்றரை மணி நேரம்.
வரிசை மடிந்து மடிந்து நகர்ந்ததில்
ஒரே பெண்ணை ஒன்பது முறை எதிர்கொண்டேன்.
மூன்றாம் திருப்பத்தில் புன்னகைத்தோம்,
ஐந்தாவதில் பிள்ளைகளின் வயது,
ஏழாவதில் சொல்லிவிட்டாள்
கணவன் ஏன் வரவில்லை என்பதை.
எட்டாவதில் இருவரும் வேறெங்கோ பார்த்தோம்.
ஒன்பதாவதில் பாதி ஆரஞ்சை என் கையில் வைத்தாள்.

இலாரியோ கழுத்தை நீட்டினான்,
மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தான்.
வெயிலில் மூக்குத் தோலுரிந்த காவல்காரப் பெண்
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்,
"இவ்வளவுதான் குறை."
அவன் அழவில்லை.
கள்ளியை ஓர் உதை விட்டான்.
அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல்
முதல் பெட்டியை நோக்கி ஓடினாள்.

ராட்சத ராட்டினத்தில் உயரக் கணக்கில்லை.
நால்வரும் ஏறினோம்.

நபோர் கட்டுமானத் தளத்தில் கிரேன் ஓட்டுபவன்.
பதினோரு வருடமாக அறுபது மீட்டர் உயரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டும் காற்றும் அவனும்.
சாப்பாடு அங்கே, சிகரெட் அங்கே,
என்னோடு சண்டை போட்டால் தொலைபேசியில் சமாதானமும் அங்கிருந்தே.
அந்த மனிதன்
பாதிச் சுற்று போவதற்குள் சுண்ணாம்பாய் வெளிறினான்.
"லீவர் எங்கே?" என்றான்,
"இது யார் கையில் இருக்கிறது?"
தலைக்கு மேலிருந்த போல்ட்டுகளை
உதடசைத்து எண்ணத் தொடங்கினான்.
ஒன்றில் துரு.
அதை என்னிடம் சொல்லாமலிருக்க
அவன் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சேண மலை! அதோ, பக்கத்தில் உங்கள் கிரேன்!"
நபோர் ஒரு கணம் கண்ணைத் திருப்பினான்.
"அது வேறு கம்பெனியுடையது," என்றான்.
பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்
அவன் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

பிறகு மிளகாய் தூவிய மாங்காய்,
தொலைந்து கிடைத்த ஒரு தொப்பி,
கழிப்பறை வரிசையில் யாருடைய குழந்தையையோ
என் குழந்தையென்று கைப்பிடித்தது.

சாயங்காலம் இலாரியோ
கள்ளியிடம் போயே ஆக வேண்டும் என்றான்.
"காலையில் நான் இவ்வளவு சாப்பிட்டிருக்கவில்லை."

அதே பெண். வேலை முடிந்து தொப்பியைக் கழற்றியிருந்தாள்.
மறுபடி மாட்டிக்கொண்டு, குனிந்து,
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"ஒன்றே முக்கால் விரல்," என்றாள்.

பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான்,
ஓட்டுநரிடம் இரண்டு முறை.

இரவு, தூங்கியவனின் காலணியைக் கழற்றினேன்.
உள்ளே குதிகால் பக்கம்
எட்டாய் மடித்த பூங்கா வரைபடம், காலுக்கொன்று.
ஓரங்களை நகத்தால் கீறி மடிக்கும் பழக்கம்
இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான்.
எரெந்திரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்,
தூங்குபவர்கள் அவ்வளவு அசையாமல் தூங்குவதில்லை.

ஒன்றைப் பிரித்து விளக்கருகே விரித்தேன்.
வியர்வையில் ஏரி கலைந்து ரயில் பாதையில் ஊறியிருந்தது.
நாங்கள் எட்டிக்கூடப் பார்க்காத பாதிப் பூங்கா
அதில் இருந்தது.
அங்கே வரிசையே இல்லை.